அன்பு இருந்தால் அனுமதி வேண்டாமா?

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மாலைச் செபமாலை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் பங்கு இல்லத்தின் வாசற்படியில் தயங்கி நின்றார். அவருக்குப் பின்னால், தலையைக் கவிழ்த்தபடி அவருடைய மகன். வயது இருபத்து நான்கு. தாயின் கையில் நீளமான உறை ஒன்று இருந்தது.

"சாமி, பையன் மேல் கேசு போடப் போகிறார்களாம். டெல்லியிலிருந்து வக்கீல் நோட்டீசு வந்திருக்கிறது. இவன் திருடனா சாமி?" என்று கேட்டார் அந்தத் தாய். கேட்டவுடன் அழுதுவிட்டார்.

உறையைப் பிரித்துப் படித்தோம். எட்டுப் பக்கம், அத்தனையும் ஆங்கிலம். உலகறிந்த கார் நிறுவனம் ஒன்றின் சார்பில் எழுதப்பட்டிருந்தது. அதன் பெயர் இங்கு வேண்டா. நாம் சொல்ல வந்த செய்திக்கு அது தேவையுமில்லை. எங்கள் கட்சிக்காரரின் சின்னத்தை அனுமதியின்றித் துணியில் அச்சிட்டு விற்கிறீர்கள். ஏழு நாள்களுக்குள் நிறுத்த வேண்டும். கையிருப்பை ஒப்படைக்க வேண்டும். இதுவரை எத்தனை சட்டைகள் விற்றீர்கள், எவ்வளவு பணம் வந்தது என்று கணக்குக் காட்ட வேண்டும். இனிச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். தவறினால் உரிமையியல் வழக்கும் குற்றவியல் வழக்கும் தொடரப்படும் என்பது அதன் சாரம்.

இளைஞனை நாம் நன்கறிவோம். தந்தை தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். மகன் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயம் பெற்று, ஒரகடம் பக்கத்து உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இரண்டாண்டு உழைத்தான். ஒப்பந்தம் முடிந்தது, வேலையும் முடிந்தது. ஆனால் அவனிடம் ஒரு வரம் இருந்தது. கார் எதுவாயினும் அதன் முகத்தைப் பத்தே நிமிடத்தில் உயிரோடு வரைந்துவிடுவான். மறைக்கல்வி வகுப்பில் நாம் வேதாகம வரைபடத்தைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில், அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கார் வரைந்துகொண்டிருப்பான். அதற்காக அவனை ஒருமுறை வெளியே நிறுத்தியதும் உண்டு.

கார் மீது இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இத்தனை மோகம் ஏன் என்று வெளியூர் அன்பர்கள் வியப்பதுண்டு. இது மண்ணோடு வந்த மோகம். தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்தது. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டான 1948இல் உருவான அந்த நிறுவனம் முதலில் வான்கார்டு காரையும், 1960களில் ஹெரால்டு காரையும், 1972இல் கேசல் காரையும் தந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய கார் வந்தது. 1980களின் இறுதியில் ஆலை ஓய்ந்தது. பின்னர் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்ப் பந்தயப் பாதை அமைந்தது. 1998இல் அதே ஊரில் ஹூண்டாய் ஆலை கார் தயாரிக்கத் தொடங்கியது. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 1990களில் தோன்றி, 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. மகேந்திரா உலக நகரில் 2007இல் பி.எம்.டபிள்யூ. வந்தது, ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் வந்தது. நம் பங்கில் கார் ஆலைச் சோறு உண்ணாத தெரு ஒன்றேனும் உண்டா என்பது ஐயமே. தந்தை செய்த காரைத் தாமே வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைகள், அந்தக் காரின் படத்தையாவது மார்பில் அணிந்துகொள்ள விரும்பினால் அதில் வியப்பென்ன?

இளைஞன் இந்த விருப்பத்தைத் தொழிலாக்கினான். திருப்பூரிலிருந்து வெற்று டீ-ஷர்ட்டுகளைக் கட்டாக வரவழைப்பான். படத்தைக் கணினியில் அமைத்து, தாளில் அச்செடுத்து, வெப்ப அழுத்த இயந்திரத்தில் வைத்துத் துணியில் பதிப்பான். சட்டை ஒன்று 399 ரூபாய். ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்ப் பிரியர்கள் கூடும் இடங்களிலும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும், கைப்பேசி வழியாகவும் விற்றான். இயந்திரம் வாங்கத் தாயின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. முதல் ஆறு மாதத்தில் வட்டி போக வீட்டுச் செலவுக்கும் கொஞ்சம் கிடைத்தது. தன் மகன் பிழைத்துக்கொள்வான் என்று அந்தத் தாய் நம்பத் தொடங்கியிருந்த வேளையில்தான் எட்டுப் பக்கக் கடிதம் வந்து சேர்ந்தது.

"ஏன் தம்பி, பிறர் சின்னத்தை அச்சிடலாமா? கேட்டிருக்க வேண்டாமா?" என்றோம் நாம், சற்றுக் கண்டிப்போடு.

அவன் தலையை நிமிர்த்தினான். "ஃபாதர், அந்தக் கார் எனக்கு உயிர். நான் அதைப் பற்றிக் கெட்டதாகவா போட்டேன்? அவர்களுக்கு இலவச விளம்பரம்தானே செய்தேன்?" என்றான். சற்று நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "கிறிஸ்தோபர் திருநாளுக்கு நாங்கள் போட்ட சட்டையை நீங்களும் போட்டுக்கொண்டீர்களே, ஃபாதர்" என்றான்.

அன்பர்களே, அந்தச் சொல் நம்மைச் சுட்டது. சுடவேண்டியதுதான். அதற்கு முந்திய ஆண்டு சூலை 25ஆம் நாள், வழிப்போக்கர்களின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபர் திருநாளன்று நம் ஆலய வளாகத்தில் வாகன மந்திரிப்பு நடைபெற்றது. இளையோர் குழுவினர் அறுபது சட்டைகள் அச்சிட்டு விற்றார்கள். புகழ் பெற்ற கார்ச் சின்னம் ஒன்றை எடுத்து, அதே வட்டம், அதே நிறம், அதே எழுத்து வளைவு, ஆனால் காரின் பெயருக்குப் பதிலாக ஆண்டவரின் திருப்பெயர் என்று அமைத்திருந்தார்கள். நாம் அதை மிகவும் மெச்சினோம். ஒரு சட்டையை அங்கியின் மேலேயே அணிந்துகொண்டு நிழற்படத்துக்கும் நின்றோம். கிடைத்த ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய் திருவிழாச் செலவுக்குப் போயிற்று. அந்தச் சட்டையை வரைந்தவன் இதே இளைஞன்தான். பங்குத் தந்தையே அணிந்த பிறகு, அது தவறென்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

மறுநாள் நாம் இளைஞனையும் தாயையும் அழைத்துக்கொண்டு, தாம்பரம் நீதிமன்றத்தில் வழக்காடும் நம் பங்கு வழக்கறிஞர் அம்மையார் ஒருவரிடம் சென்றோம். கட்டணம் வாங்காமல் இரண்டு மணி நேரம் பொறுமையாக விளக்கினார். அவர் விளக்கியவற்றை நம் குடும்பங்களுக்கும் சொல்வது பயன் தரும் என்று எண்ணியே இதை எழுதுகிறோம். இன்று தையல் இயந்திரம் வைத்திருக்கும் தாயும், அச்சு இயந்திரம் வைத்திருக்கும் மகனும் இல்லாத பங்கு குறைவு.

வணிகக் குறி என்பது ஒரு பொருள் எவரிடமிருந்து வருகிறது என்று வாங்குபவருக்குச் சொல்லும் அடையாளம். பெயராகவோ, எழுத்து வடிவமாகவோ, படமாகவோ அது இருக்கலாம். நம் நாட்டில் இதற்கான இன்றைய சட்டம் 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டம். 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்துக் குறிகளைப் பதிவு செய்கிறார்கள். வாகனங்கள் 12ஆம் வகுப்பு. ஆடைகள் 25ஆம் வகுப்பு.

"அப்படியானால் அவர்கள் கார்தானே செய்கிறார்கள்? நான் சட்டைதானே விற்கிறேன்?" என்று இளைஞன் குறுக்கிட்டான். நமக்கும் அதே ஐயம் இருந்தது. அம்மையார் புன்னகைத்தார். பெரிய கார் நிறுவனங்கள் பல, ஆடை வகுப்பிலும் தம் சின்னத்தைப் பதிந்து வைத்திருக்கின்றன. தாமே சட்டையும் தொப்பியும் விற்கின்றன. நம் சென்னையில் 1955இல் வேரூன்றிய ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் நிறுவனம் இன்று சட்டைகளையும் மேலங்கிகளையும் தன் பெயரில் விற்பதை அனைவரும் காணலாம். ஆடை வகுப்பில் பதிவு இல்லாவிடினும், இந்தியாவில் நற்பெயர் பெற்ற குறியை வேறு பொருளின் மேல் தகுந்த காரணமின்றிப் பயன்படுத்தி, அந்த நற்பெயரிலிருந்து ஆதாயம் தேடினாலோ அதற்கு ஊறு செய்தாலோ அதுவும் அத்துமீறலே என்று சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது.

இதற்குப் பொருத்தமான ஒரு பழைய வழக்கையும் எடுத்துக்காட்டினார். ஹைபோ இந்துஸ்தான் என்னும் நிறுவனம் ஆண்களின் உள்ளாடைகளை "பென்ஸ்" என்னும் பெயரோடு விற்றது. உறையின் மேல் ஒரு வட்டம்; அதனுள் கைகளை மேலே சேர்த்து, கால்களை அகற்றி நிற்கும் மனித உருவம். பார்த்தவுடன் மூன்று முனை விண்மீன் நினைவுக்கு வரும். ஜெர்மானிய நிறுவனமான டெய்ம்லர் பென்ஸ் டெல்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. காருக்கும் உள்ளாடைக்கும் என்ன தொடர்பு என்ற வாதம் அங்கு எடுபடவில்லை. உலகெங்கும் ஒரு காரின் உயர்வைக் குறிக்கும் பெயரை உள்ளாடைக்கு வைக்க நேர்மையான காரணம் எதுவுமில்லை என்று கண்ட நீதிமன்றம், 1990களின் முற்பகுதியில் அதற்குத் தடை விதித்தது. இந்தியாவில் இத்துறை பயிலும் மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது.

பெரிய நிறுவனங்களே எப்போதும் வெல்லும் என்பதும் உண்மையன்று. ஜப்பானிய டொயோட்டா நிறுவனம் 1997இல் "பிரியஸ்" என்னும் காரைத் தன் நாட்டில் வெளியிட்டது. டெல்லியில் பிரியஸ் ஆட்டோ இண்டஸ்டிரீஸ் என்ற உதிரிபாக நிறுவனம் 2001 முதல் அதே பெயரைப் பயன்படுத்தி வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2017 டிசம்பர் 14ஆம் நாள் தீர்ப்பில் டொயோட்டாவுக்கு அந்தப் பெயரின் மீது வெற்றி கிட்டவில்லை. வெளிநாட்டில் பெற்ற புகழ் போதாது. 2001இல் இந்தியச் சந்தையில் அந்தக் காரின் பெயருக்கு மதிப்பு உருவாகியிருந்ததற்குச் சான்று வேண்டும் என்பது நீதிமன்றத்தின் கருத்து. எனவே சட்டம் பணக்காரனின் கைத்தடி என்று சோர்ந்துவிட வேண்டா. ஆனால் இந்த இளைஞனின் சட்டை அந்த வழக்கைப் போன்றதன்று. அவன் பதித்த சின்னத்தை இந்நாட்டில் அறியாதார் இல்லை. அறிந்திருந்ததனால்தானே சட்டை விற்றது!

பிறகு, மக்களிடையே உலவும் தவறான நம்பிக்கைகளை அம்மையார் ஒவ்வொன்றாகக் களைந்தார். சின்னத்தில் ஏதேனும் மூன்று மாற்றம் செய்தால் தப்பலாம் என்பது ஒன்று. சட்டத்தில் அப்படி எண்ணிக்கை எதுவும் இல்லை. இரண்டு குறிகளையும் அருகருகே வைத்து அளக்காமல், அரைகுறை நினைவோடு கடைக்கு வரும் சாதாரண மனிதன் மயங்குவானா என்றே நீதிமன்றம் பார்க்கும். "இது ரசிகர் படைப்பு, நிறுவனத்தோடு தொடர்பில்லை" என்று சட்டையின் கழுத்துப் பட்டையில் அச்சிட்டால் போதும் என்பது மற்றொன்று. தெருவில் எதிரே வருபவர் மார்பைப் பார்ப்பாரா, கழுத்துப் பட்டையைப் பார்ப்பாரா? சிறு அளவில் விற்றால் குற்றமில்லை, தருமத்துக்காக விற்றால் குற்றமில்லை என்பன இன்னும் இரண்டு. இந்த இடத்தில் அம்மையார் நம்மைப் பார்க்காமல் பேசினார். நாமும் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சின்னத்தின் படம் ஓர் ஓவியமும் ஆகையால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் அதைக் காக்கும். இணையத்தில் கிடைக்கும் காரின் நிழற்படத்தை எடுத்துச் சட்டையில் பதித்தால், படம் பிடித்தவருடைய உரிமையும் மீறப்படுகிறது. கார் பந்தயம் ஓட்டும் நடிகரின் முகத்தைப் போட்டாலும் வம்பே. அனுமதியின்றித் தம் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய ஒரு திரைப்படத்துக்கு எதிராக நடிகர் ரஜினிகாந்த் 2015இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தடை பெற்றார். ஏன், திருத்தந்தையின் பெயர், உருவம், இலச்சினை ஆகியவற்றை முன்னனுமதியின்றிப் பயன்படுத்தலாகாது என்று 2009 டிசம்பரில் வத்திக்கானே அறிவித்தது. நம் திருச்சபை தனக்குக் கேட்கும் நீதியைப் பிறருக்கு மறுக்கலாமா?

தண்டனையும் சிறிதன்று. உரிமையியல் வழக்கில் தடையாணை, இழப்பீடு அல்லது இலாபக் கணக்கு, பொருள்களை ஒப்படைத்து அழித்தல் ஆகியன உண்டு. பொய்யாகக் குறியிட்ட பொருளை உண்டாக்குவதற்கும் விற்பதற்கும் குற்றவியல் சட்டத்தின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இதைக் கேட்டதும் அந்தத் தாய் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். இளைஞன் முதன்முறையாக அழுதான்.

அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நம் தந்தையாரின் நினைவு வந்தது. அவர் மேற்குத் தாம்பரத்தில் ஓலைக் கொட்டகை ஒன்றில் கார் பழுது பார்த்தவர். ஹெரால்டு வண்டிகள்தாம் மிகுதியாக வரும். அந்தக் காரின் முன்பாகம் முழுவதும், சக்கரக் கவசங்களோடு சேர்ந்து, முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். தந்தையார் முன்சக்கரத்தின் மேலேயே அமர்ந்துகொண்டு இயந்திரத்தில் வேலை செய்வார். சிறுவனாகிய நாம் மற்றச் சக்கரத்தில் அமர்ந்து, கேட்கும் ஸ்பானரை எடுத்துக் கொடுப்போம். கொட்டகையின் முகப்பில், "இங்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் பழுது பார்க்கப்படும்" என்று அவரே நீலப் பெயிண்டால் எழுதிய பலகை. அவர் எவரிடம் அனுமதி கேட்டார்? தந்தையாரும் குற்றவாளியா?

மறுநாள் தொலைபேசியில் அம்மையாரிடம் இதைக் கேட்டோம். "இல்லை, ஃபாதர். எந்தக் காரைப் பழுது பார்க்கிறேன் என்று உண்மையைச் சொல்வதற்கு அந்தக் காரின் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும். நேர்மையான அத்தகைய பயன்பாட்டைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அதே பலகையில் கம்பெனிச் சின்னத்தைப் பெரிதாக வரைந்து, கம்பெனியின் அதிகாரபூர்வப் பணிமனை என்று பிறர் எண்ணும்படி செய்திருந்தால் அது வேறு" என்றார்.

அந்த விளக்கத்தில் நம் மனத்தின் முடிச்சு அவிழ்ந்தது. தந்தையார் பெயரைச் சொன்னார். ஆனால் விற்றது தம் உழைப்பை. இளைஞன் தன் உழைப்போடு பிறருடைய பெயரையும் சேர்த்து விற்றான். பெயர் என்பது வெறும் வண்ணமன்று. அதன் பின்னே பல்லாயிரம் தொழிலாளரின் நெடுங்கால வேலை நிற்கிறது. கார் மறைந்த பின்னும் பெயருக்கு விலை உண்டு. 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரின் பெயரை மட்டும் 2017இல் பிரெஞ்சு நாட்டுப் பியூஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஓடாத காரின் பெயருக்கு எண்பது கோடி! ஐந்தாண்டுகளுக்கு மேல் பயன்படாத குறியைப் பதிவிலிருந்து நீக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அது தானாக நீங்குவதில்லை. பாதிக்கப்பட்டவர் முறையிட்டு ஆணை பெற வேண்டும். ஆகவே பழைய கார், யாரும் கேட்கமாட்டார்கள் என்று எண்ணுவதும் ஆபத்தே.

நோட்டீசுக்குப் பதில் எழுதாமல் இருந்துவிடலாம் என்று சில நண்பர்கள் இளைஞனுக்கு யோசனை சொன்னார்கள். அம்மையார் அதை அடியோடு மறுத்தார். மௌனம் வழக்கை வளர்க்கும். அவர் பணிவாக ஒரு பதில் எழுதினார்: அறியாமல் செய்தது, விற்பனை அன்றே நிறுத்தப்பட்டது, இதுவரை விற்றவற்றின் கணக்கு இது, கையிருப்பு 86 சட்டைகள், அவற்றை ஒப்படைக்க ஆயத்தம், குடும்பத்தின் நிலை இன்னது, இழப்பீட்டைக் கைவிட வேண்டுகிறோம். கணக்கில் ஒரு சட்டையும் மறைக்கப்படவில்லை. மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதாக அவன் பின்னர் நம்மிடம் கூறினான். தோன்றியதையும் தவிர்த்ததையும் ஒருங்கே சொன்ன அந்த நேர்மைக்காக இறைவனுக்கு நன்றி கூறினோம்.

ஐந்து வாரங்கள் கழித்து மறுமொழி வந்தது. உறுதிமொழிப் பத்திரத்தையும் சட்டைகளையும் பெற்றுக்கொண்டு, பணம் எதுவும் கேளாமல் விவகாரத்தை முடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நாம் சொல்லமாட்டோம். இந்த முடிவிலும் இழப்பு இருந்தது. துணிக்கும் அச்சுக்கும் போட்ட முப்பதாயிரம் ரூபாய் போயிற்று. வளையல்களுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

நம் பங்கு இன்னும் மீதமிருந்தது. அடுத்து வந்த பங்குப் பேரவைக் கூட்டத்தில், கிறிஸ்தோபர் திருநாள் சட்டையைப் பற்றி நாமே எழுந்து சொன்னோம். ஏழாம் கட்டளையை ஆண்டுதோறும் விளக்கும் நாம், அதைச் சட்டையாக அணிந்து மீறியதை ஒப்புக்கொண்டோம். "கடவுளின் பெயரைத்தானே போட்டோம், ஃபாதர்?" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். கடவுளின் பெயரைப் போட இரவல் சட்டகம் எதற்கு என்று நாம் கேட்டோம். எஞ்சியிருந்த பதினொரு சட்டைகள் விலக்கப்பட்டன. இனி, இளையோர் குழு அச்சிடும் எதுவும் தங்கள் கையால் வரைந்ததாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். அந்தக் கூட்டத்தின் முடிவில் எவரும் கேளாமலே பேரவையினர் ஒரு தொகை சேர்த்து, அந்தத் தாயின் வளையல்களில் ஒன்றை மீட்டுக் கொடுத்தார்கள். மற்றதைத் தன் மகனே மீட்கட்டும் என்று தாய் சொல்லிவிட்டார்.

இத்தகைய தொழில் செய்யும் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு அம்மையார் சொன்ன அறிவுரைகளை இங்கே தருகிறோம். பிறர் சின்னம் வேண்டுமென்றால் நிறுவனத்துக்கு எழுதி உரிமம் கேளுங்கள். கிடைத்தால் எழுத்தில் பெறுங்கள். பதில் வராவிட்டால் அதை இசைவாகக் கொள்ளாதீர்கள். வாடிக்கையாளரே படம் கொண்டுவந்து அச்சிடச் சொன்னாலும் அச்சிடுபவரும் பொறுப்பாவார். வணிகக் குறிப் பதிவேட்டை இணையத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். ஒரு பெயரை வைக்குமுன் தேடுங்கள். ஒரு காரின் உருவத்தைப் பெயரும் சின்னமும் இன்றி வரைவதில் இடர் குறைவு. நம் நாட்டில் வடிவமைப்புப் பதிவின் காலம் பத்தாண்டு, மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம். ஆயினும் சில வடிவங்களும் வணிகக் குறியாகக் காக்கப்படக்கூடும் என்பதால் புதிய கார்களில் எச்சரிக்கை தேவை. எல்லாவற்றிலும் மேலாக, உங்கள் பிள்ளைக்கென ஒரு குறியை உண்டாக்குங்கள். கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையிலேயே அதற்கான பதிவு அலுவலகம் உள்ளது. தனிமனிதர் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு பத்தாண்டு நிலைக்கும். மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். பிறர் சின்னத்தைக் கண்டு அஞ்சும் அதே சட்டம், அன்று உங்கள் சின்னத்துக்கு வேலியாக நிற்கும்.

இளைஞன் சில மாதம் எதையும் வரையவில்லை. வெப்ப இயந்திரத்தைப் பழைய போர்வையால் மூடி வைத்திருந்தான். பள்ளிகளுக்கு விளையாட்டு உடையில் எண்கள் அச்சிட்டுக் கொடுத்துக் காலம் தள்ளினான்.

பிறகு ஒருநாள், திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில், பங்கு இல்லத்துக்கு வந்தான். அன்று அவன் கையிலும் ஓர் உறை இருந்தது. "ஃபாதர், உங்கள் மேசைக்கு மேல் மாட்டியிருக்கிறீர்களே, அப்பா கொட்டகையில் இருக்கும் படம், அதைப் பார்த்து ஒன்று வரைந்தேன். விற்கலாமா என்று உங்களைக் கேட்க வந்தேன்" என்றான்.

உறையிலிருந்து எடுத்த தாளில், ஓலைக் கொட்டகை. முன்பாகம் முழுவதும் சாய்ந்து திறந்த ஒரு கார். அதன் சக்கரத்தின் மேல் அமர்ந்து குனிந்திருக்கும் மனிதர். எதிர்ச் சக்கரத்தில் கையில் ஸ்பானரோடு ஒரு சிறுவன். காரில் சின்னமில்லை. பலகையிலும் காரின் பெயரில்லை. "இங்கு பழுது பார்க்கப்படும்" என்று மட்டும் நீல எழுத்தில் இருந்தது. உறையில் இரண்டாவது தாள் ஒன்றும் இருந்தது. அது அவனே தமிழில் தட்டச்சு செய்த அனுமதிப் பத்திரம். படத்தின் உரிமையாளர் இன்னார், கேட்பவர் இன்னார், விற்கும் ஒவ்வொரு சட்டைக்கும் பத்து ரூபாய் ஆலயத்தின் ஏழைகள் நிதிக்கு என்று எழுதி, கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தான்.

நாம் அதை இருமுறை படித்தோம். பேனாவைத் தேடி எடுத்துக் கையொப்பமிட்டோம். தேதியையும் எழுதினோம். பிறகு நமக்கு ஒரு சட்டை வேண்டும் என்றோம்.

"அளவு என்ன, ஃபாதர்?" என்று கேட்டான்.

சொன்னோம். அவன் குறித்துக்கொண்டு, "399 ரூபாய்" என்றான். கொடுத்தோம்.